மூன்றாவது செட்டை

அண்ணா கனடாவிலிருந்து வந்தால் பெட்டியைத் திறப்பது அம்மாவின் கட்டிலில்தான். நாங்கள் எல்லோரும் சுற்றி நிற்க வேண்டும். போன வருடம் மட்டக்களப்பில் எங்கள் மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கென்று ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முந்தி வந்திறங்கியவர், சொக்லேட், தைலப் போத்தல், பிள்ளைகளின் சப்பாத்து எல்லாம் கொடுத்து முடித்த பிறகு, அடியிலிருந்து நீளமான மட்டைப் பெட்டி ஒன்றை இழுத்தெடுத்து என் மகனின் கையில் வைத்தார். மேலே கறுப்பு நிற ராக்கெட் ஒன்றின் படம்.

“மாமா, இது உண்மையாப் பறக்குமா?”

“பறக்கும் மகன். ஆனா இஞ்ச இல்ல.”

பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகம் அந்த ஒரு சொல்லில் வாடிப்போனது. அம்மா கட்டிலில் இருந்தபடியே, “என்ன மனே அது, வாணமா?” என்று கேட்டார்.

வாணம்தான். கோயில் திருவிழாவில் விடுகிற ஈர்க்கு வாணத்தின் உறவுக்காரன் என்று சொல்லலாம். ஆனால் பெட்டிக்குள் எல்லாம் இருந்தும் மோட்டார் மட்டும் இருக்கவில்லை. அது தனியாக விற்கிற சாமான். 18 மில்லிமீட்டர் அகலமும் 70 மில்லிமீட்டர் நீளமும் உள்ள கடதாசிக் குழல், அதற்குள் இறுக்கி அடைத்த கறுப்பு வெடிமருந்து, பின்பக்கம் களிமண்ணில் ஒரு சிறு துவாரம். அதை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, பெட்டியிலும் கொண்டுவர முடியாது. வந்து சேர்ந்தாலும் இந்த நாட்டில் வெடிமருந்து என்றால் அனுமதிப்பத்திரம் வேண்டும். அண்ணா எதையும் மறைக்காமல் மகனுக்குச் சொன்னார். “கட்டுறது இஞ்ச. பெயின்ட் அடிக்கிறதும் இஞ்ச. நான் திரும்பக் கொண்டுபோய் அங்க விடுறன். நீ வீடியோவில பார்.”

நான் தையல் வேலை செய்கிறவள். கல்லடியில் வீட்டு விறாந்தையில் இரண்டு மெஷின் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடச் சட்டை, சாரி பிளவுஸ், கலியாணக் காலமென்றால் இரவு பன்னிரண்டு மணிவரை வேலை. ராக்கெட்டுக்கும் எனக்கும் அன்றுவரை ஒரு சம்பந்தமும் இல்லை. அண்ணா வந்த அலைச்சலில் இரண்டு நாள் தூங்கினார், மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றான், அப்படித்தான் நான் இதற்குள் வந்தேன்.

மறுநாளே அவன் கேட்ட கேள்வி எனக்குப் பயத்தைத் தந்தது. சீன வெடிகளைப் பிரித்து மருந்தை எடுத்து நாங்களே மோட்டார் செய்தால் என்ன? இதை வாசிக்கிற அம்மா அப்பாக்களுக்குச் சொல்கிறேன், உங்கள் பிள்ளையும் கேட்பான். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்த விளையாட்டின் கதைக்குள்ளேயே இருக்கிறது. 1950களில் அமெரிக்காவில் பிள்ளைகள் தாங்களே மருந்து கலந்து குழாய்களில் அடைத்துக் காயப்பட்டார்கள், சிலர் செத்தும் போனார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தில் நோர்ஃபோக் என்ற ஊரில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் என்பவர், வாணம் செய்யத் தெரிந்தவர், 1954இல் தன் சகோதரர் ராபர்ட்டோடு சேர்ந்து கடதாசியாலும் பல்சா மரத்தாலும் ஒரு சின்ன ராக்கெட்டைச் செய்தார். மோட்டாரை மட்டும் பாவித்துவிட்டு எறிந்து புதிதாக மாற்றலாம், ராக்கெட் பரசூட்டில் பத்திரமாக இறங்கி வரும். ராக்கெட் துறையில் வேலை செய்த ஹரி ஸ்டைன் என்பவருக்கு 1957இல் அவர் மாதிரிகளை அனுப்பினார். அடுத்த வருடம் கொலராடோவில் வேர்ன் எஸ்டெஸ் அந்த மோட்டார்களை ஒன்றுபோல ஒன்று செய்து தள்ளுகிற இயந்திரத்தைக் கட்டினார். அதற்கு மேபல் என்று பெயர் வைத்தாராம். மெஷினுக்குப் பெயர் வைக்கிற மனிதர் என்று கேட்டதும் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. மருந்தைத் தொடுவது தொழிற்சாலையின் வேலை, மற்றதெல்லாம் பிள்ளையின் வேலை. இந்தப் பிரிவினைதான் இந்த விளையாட்டின் அத்திவாரம். இதை மகனுக்கு இரண்டு தரம் சொன்னேன். சீன வெடிக் கதை அதோடு நின்றது.

எங்களிடம் வந்தது பிக் பெர்த்தா. எஸ்டெஸ் நிறுவனத்தின் பழைய வடிவங்களில் ஒன்று. கட்டி முடித்தால் 61 சென்டிமீட்டர் உயரம், குழலின் அகலம் 42 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கடதாசிக் குழல், பிளாஸ்டிக் மூக்கு, மோட்டாரைப் பிடிக்கிற உள்குழல், மூக்கையும் குழலையும் தொடுக்கிற ஒரு றப்பர்ப் பட்டி, பரசூட், செட்டைகளுக்கான பல்சாப் பலகை. மீனுக்குச் செட்டை என்று நாங்கள் சொல்வதையே மகனும் நானும் இதற்கும் சொன்னோம். அண்ணா வேறு ஏதோ சொல்லிப் பார்த்தார், கடைசியில் அவரும் செட்டைக்கு வந்துவிட்டார்.

அந்தப் பல்சாப் பலகையைக் கையில் எடுத்தபோதுதான் எனக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. பலகை என்றே சொல்ல முடியாது, அவ்வளவு பாரமில்லை. எக்குவடோர் நாட்டில் வளர்கிற மரமாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நார் ஓடுகிற திசை தெரிந்தது. நான்கு செட்டையும் அதில் முன்கூட்டியே வெட்டப்பட்டிருந்தன, பிளேட் போட்டு மெல்லக் கழற்ற வேண்டியதுதான் பாக்கி. ஒவ்வொரு செட்டையிலும் நார், காற்றை முதலில் வெட்டுகிற முன்விளிம்போடு சேர்ந்தே ஓடியது. துணிக்கு நேர்நூல் பார்க்காமல் கத்தரி வைக்கக் கூடாது என்று எனக்குத் தையல் பழக்கியவர் சொல்லித் தந்தது முதல் நாள் பாடம். கிறாஸில் வெட்டிய துணி இழுபடும், தொங்கும். நார் குறுக்கே ஓடுகிற செட்டை விழுகிற முதல் விழுக்காட்டிலேயே முறிந்துவிடும். “இதைப் பார் மகன், இவங்களும் நேர்நூல் பார்த்துத்தான் வெட்டியிருக்காங்க” என்றேன். அவனுக்கு அது பெரிதாகப் படவில்லை. எனக்குப் பட்டது.

கழற்றுவதற்கு முன் நான்கின் உருவத்தையும் காட்போட் மட்டையில் அச்செடுத்து வைத்தேன். பிளவுஸ் அளவு எடுக்கிற பழக்கம் அது. பிறகு அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

குழலில் செட்டை ஒட்டுகிற இடத்தைக் குறிப்பது சின்ன வேலை மாதிரித் தெரியும். உருண்டையான ஒன்றில் நேர்கோடு போடுவது லேசில்லை. அடிமட்டத்தை வைத்தால் உருளும். அண்ணா காட்டித் தந்த வழி இது. லாச்சியைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, அதன் உள்மூலையில் குழலைச் சாய்த்து வைத்தால் அசையாது, மூலையின் விளிம்பையே அடிமட்டமாக வைத்துப் பென்சிலை இழுக்கலாம். நூல் உருண்டைகளை அள்ளிக் கட்டிலில் கொட்டிவிட்டு என் மெஷின் லாச்சியில்தான் போட்டோம். நான்கு கோடுகளும் ஊசி குத்தி இழுத்ததுபோல் வந்தன.

ஒட்டுவதற்குத் தச்சு வேலைக்காரர் பாவிக்கிற வெள்ளைப் பசை போதும். ஒரே தரத்தில் அப்பி ஒட்டக் கூடாது. செட்டையின் அடியிலும் குழலின் கோட்டிலும் மெல்லிசாகப் பூசி, ஒருமுறை சேர்த்துப் பிடித்து, எடுத்து, கொஞ்ச நேரம் காயவிட்டு, திரும்பவும் பூசி ஒட்ட வேண்டும். முதல் பூச்சை மரமும் கடதாசியும் குடித்துவிடும், இரண்டாவதுதான் பிடிக்கும். அப்படிப் பிடித்தால் பிறகு மரம் உடையும், ஒட்டு விடாது. முதலாவதை நான் ஒட்டினேன். இரண்டாவதை இருவருமாக ஒட்டினோம். ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது என்று சொல்லிவிட்டு, அவசரமாகக் கொடுக்க வேண்டிய பிளவுஸ் ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன்.

இரவு எழும்பி வந்து பார்த்தால் மூன்றாவதும் ஒட்டியிருந்தது. மகன் தானாக ஒட்டிவிட்டுப் படுத்துவிட்டான்.

குழலைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பின்பக்கத்தால் பார்த்தேன். முன்னுக்குக் கோட்டில் சரியாக இருந்த செட்டை பின்னுக்கு வரும்போது ஒரு நெல்மணி அகலம் விலகிப் போயிருந்தது. வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இருபது வருடமாகச் சட்டைப் பட்டி பார்க்கிற கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. தையலென்றால் பிரிக்கலாம். நான் பிரிக்காத பிளவுஸே இல்லை, பிரித்துத் தைப்பதில் எனக்கு வெட்கமும் இல்லை. காய்ந்த பல்சாவைப் பிரிக்கப் போனால் குழலின் கடதாசியும் சேர்ந்து உரிந்து வரும். ராத்திரி ஒரு மணிக்கு விறாந்தையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன்.

காலையில் அண்ணா பார்த்தார். நான்கு செட்டையும் ஒரே பக்கமாகச் சரிந்தாலும் சரி, ஒன்று மட்டும் சரிந்தாலும் சரி, ராக்கெட் போகும்போது தன்னைத்தானே சுற்றும் என்றார். சுற்றுவதில் கொஞ்சச் சக்தி வீணாகும், உயரம் குறையும், மற்றபடி ஆபத்தில்லை. “விடு தங்கச்சி. அவன் ஒட்டினது” என்றார். மகன் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். நான்காவதை ஒட்டும்போது பசை காயும்வரை கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தான்.

ராக்கெட் ஏன் நேராகப் போகிறது என்பதை நான் மட்டையில்தான் விளங்கிக்கொண்டேன். ராக்கெட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரிகிற உருவத்தை அப்படியே காட்போட்டில் வெட்டி, அடிமட்டத்தின் விளிம்பில் வைத்தால் ஓரிடத்தில் சமநிலையாக நிற்கும். காற்று பக்கத்திலிருந்து தள்ளினால் அந்தத் தள்ளு மொத்தமாக விழுகிற இடம் ஏறக்குறைய அதுதான். உண்மையான ராக்கெட்டை விரலில் வைத்துப் பார்த்தால் பாரம் சமப்படுகிற இடம் வேறு. பாரம் சமப்படுகிற இடம் முன்னுக்கும், காற்றுத் தள்ளுகிற இடம் பின்னுக்கும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் குறைந்தது குழலின் அகலம் அளவாவது இடைவெளி வேண்டும். அப்போதுதான் காற்று வாலைத் தள்ளி மூக்கை நேராக்கும். மாறி இருந்தால் ராக்கெட் கண்டபடி சுழன்று யாருடைய முகத்துக்கும் வரும். இதைச் சரியான கணக்காகப் போட ஜேம்ஸ் பரோமன் என்பவர் 1966இல் சூத்திரங்கள் கொடுத்திருக்கிறார். மட்டை முறை அதைவிடக் கொஞ்சம் கடுமையானது, பத்திரமான பக்கத்தில் நிற்கும் என்று அண்ணா சொன்னார். ஈர்க்கு வாணத்துக்கு அந்த நீண்ட குச்சி எதற்கென்று அன்றுதான் எனக்கு விளங்கியது. செட்டை செய்கிற வேலையை அங்கே குச்சி செய்கிறது. குச்சி முறிந்த வாணம் எங்கே போகும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

மோட்டார் இல்லாத ராக்கெட்டில் பாரம் பார்த்துப் பயனில்லை, மோட்டார் பின்னுக்கு இருக்கிற பாரமல்லவா. சுமார் 25 கிராம் என்று அண்ணா சொல்ல, கடதாசிச் சுருளுக்குள் களிமண் அடைத்து, தெரிந்த நகைக்கடையில் கொடுத்து நிறுத்தோம். அதை மோட்டார் இடத்தில் செருகி, பாரம் சமப்படுகிற இடத்தில் நூல் கட்டி, முற்றத்தில் அண்ணா தலைக்கு மேலே சுற்றினார். முதலில் தடுமாறியது. பிறகு மூக்கை முன்னுக்கு நீட்டிக்கொண்டு, காற்றைக் கிழித்துக்கொண்டு வட்டம் வட்டமாகப் போனது. அம்மா வாசலில் நின்று பார்த்துக் கைதட்டினார்.

அப்புறம் பெயின்ட். அவசரப்பட்டால் கெடுகிற வேலை என்றால் இதுதான்.

பல்சாவின் நார்களுக்கு நடுவே பள்ளங்கள் இருக்கும். அப்படியே பெயின்ட் அடித்தால் காய்ந்த பிறகு வரி வரியாகத் தெரியும். ஹாட்வெயார் கடையில் தச்சருக்கு விற்கிற சேண்டிங் சீலர் வாங்கி, பூசி, காயவிட்டு, 400ஆம் இலக்க அரத்தாளால் தேய்த்து, திரும்பப் பூசினோம். மூன்று தரம். செட்டையின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் ஈரத்தில் மரம் வளையும், லைனிங் ஒரு பக்கம் மட்டும் சுருங்கின சட்டை மாதிரி. மூன்றாவது தேய்ப்புக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் மரமென்றே தெரியவில்லை. பிளாஸ்டிக் மூக்கும் மரச் செட்டையும் கடதாசிக் குழலும் ஒரே சாமானாகிவிட்டன. எனக்கு இந்த வேலை முழுவதிலும் மிகவும் பிடித்த மணித்தியாலம் அதுதான்.

முதல் வெள்ளைப் பூச்சை நான் பின்னேரம் அடித்தேன். தவறு அங்கேதான். கடற்காற்று ஈரத்தோடு ஏறுகிற நேரம். கறுப்பாகவோ சிவப்பாகவோ இருந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும், வெள்ளையில் தெரியவில்லை. அதன்மேல் மறுநாள் பின்னேரம் அடித்த செம்மஞ்சளில் தெரிந்தது. பால் தெளித்த மாதிரி மங்கலாகப் பூத்துப் போயிருந்தது. பெயின்டிலுள்ள திரவம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்துவிடும். எங்கள் தெருமுனையில் ஓட்டோக்களுக்குப் பெயின்ட் அடிக்கிற கராஜ் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டினோம். அந்தத் தம்பி ராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, காலையில ஒன்பது மணிக்கு அடிங்க. கச்சான் காத்துத் தூக்க முன்ன. பின்னேரம் அடிச்சா ஈரம், மத்தியானம் அடிச்சா தூசி” என்றார். மகனின் கையில் டின்னைக் கொடுத்து, ஒரு சாணுக்கு மேல் தள்ளிப் பிடிக்கவும், ராக்கெட்டுக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்கவும், இடையில் கையை நிறுத்தாமல் இழுக்கவும் பழக்கினார். “நனையிற மாதிரி அடிக்காத. ஐஞ்சு மெல்லிசு ஒரு தடிப்பவிட நல்லது.” தேய்த்து எடுத்து மறுபடி அடித்தோம். காசு வாங்க மறுத்துவிட்டார்.

செம்மஞ்சள் மகன் தெரிந்தெடுத்த நிறம். அண்ணா அவனுக்கு தும்பாவைப் பற்றிச் சொல்லியிருந்தார். கேரளக் கரையில் எங்கள் நாவலடி மாதிரி ஒரு மீன்பிடிக் கிராமம். 1963 நவம்பர் 21இல் இந்திய மண்ணிலிருந்து விண்வெளி ஆய்வுக்கான முதல் ராக்கெட் அங்கிருந்துதான் போனது. புனித மரிய மக்தலேனா தேவாலயம் அலுவலகமாயிற்று, ராக்கெட் பாகமொன்றைச் சயிக்கிளில் கொண்டுபோன படம் உலகம் முழுவதும் தெரிந்தது. அந்த ராக்கெட் மேலே போய் சோடியம் ஆவியை விட்டது, மாலை வானத்தில் செம்மஞ்சளாக ஒரு முகில் நின்றது. அதைக் கேட்ட பிறகு அவன் வேறு நிறம் பேசவில்லை.

ஒரு செட்டையை மட்டும் வெள்ளையாக விடச் சொன்னார் அண்ணா. ஜெர்மன்காரரின் வி-2 தொடங்கிச் சந்திரனுக்குப் போன சட்டர்ன் வரை கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டதற்குக் காரணம் அழகில்லை, போகும்போது எவ்வளவு சுற்றுகிறது என்று படத்தில் பார்த்து எண்ணுவதற்கு. “எதை வெள்ளையாக்கிறது?” என்று நான் கேட்டேன். மகன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “மூண்டாவது” என்றான். மாஸ்கிங் டேப்பை அவனே ஒட்டினான், விளிம்பை நகத்தால் அழுத்தி அழுத்தி.

பரசூட்டும் றப்பர்ப் பட்டியும் என் பொறுப்பு, அதில் யாரையும் விடவில்லை. பெட்டியில் வந்த றப்பர்ப் பட்டி கட்டை, வெயிலில் உக்கியும் போகும். அதை எடுத்துவிட்டுப் பாவாடைக்குப் போடுகிற இலாஸ்டிக்கை ராக்கெட்டின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு வெட்டிக் கட்டினேன். உயரத்தில் மோட்டார் பரசூட்டைத் தள்ள, மூக்கு வேகமாக வெளியே பாயும்போது கட்டைப் பட்டி அதைத் திரும்ப இழுத்து ராக்கெட்டிலேயே குத்தவைக்கும், நீளமானது ஆறுதலாக இழுத்துப் பிடிக்கும். பிளாஸ்டிக் பரசூட்டுக்குப் பதிலாக, கம்பி முறிந்த குடையொன்றின் துணியில் 45 சென்டிமீட்டருக்கு எட்டு மூலையாக வெட்டி ஓரம் மடித்தேன். நடுவில் காற்றுப் போக ஒரு வட்டம் விட்டேன். அந்த ஓட்டை இல்லாவிட்டால் ஊஞ்சல் மாதிரி ஆடும், காற்றோடு வெகுதூரம் போய்விடும். எட்டு நூலும் ஒரே நீளம். எட்டையும் அளந்து, முடிச்சுப் போட்ட பிறகு திரும்பவும் அளந்தேன். மடிக்கும் முன் பேபி பவுடர் தூவினால் துணி ஒட்டிக்கொள்ளாது.

எல்லாம் முடிந்தது. ராக்கெட் அலுமாரிக்கு மேலே நின்றது. மகன் ஒவ்வொரு நாளும் வந்து பார்த்துவிட்டுப் போனான். எனக்குத் தாங்கவில்லை.

அச்செடுத்த மட்டையை எடுத்தேன். 1.5 லீட்டர் சோடாப் போத்தல் ஒன்று, அதே நான்கு செட்டையைக் காட்போட்டில் இரண்டு மடிப்பாக வெட்டி டேப் சுற்றியது, இன்னொரு போத்தலின் தலையில் கொஞ்சம் களிமண் வைத்து மூக்கு, சொப்பின் பையில் பரசூட். தண்ணீர் ராக்கெட். மருந்து இல்லை, நெருப்பு இல்லை. போத்தலில் மூன்றிலொரு பங்கு தண்ணீர் விட்டுக் கவிழ்த்து, மேலே மிச்ச இடத்துக்குச் சயிக்கிள் பம்பால் காற்று அடித்தால், திறந்துவிட்டதும் காற்று தண்ணீரைக் கீழே தள்ளும், தண்ணீர் போத்தலை மேலே தள்ளும். காற்று மட்டும் போனால் பாரமில்லை, தள்ளு குறைவு. தண்ணீர் கூடினால் காற்றுக்கு இடமில்லை. சோடா அடைத்த போத்தலாகவே இருக்க வேண்டும், அது அழுத்தம் தாங்கச் செய்தது. குடிதண்ணீர்ப் போத்தல் அதற்கில்லை. போத்தலில் சுடுபசை ஊற்றவும் கூடாது, அந்த இடத்தில் பலவீனமாகிவிடும். அரை அங்குலப் பைப்பும் ஓ-ரிங்கும் கேபிள் டையும் வைத்து அண்ணாவும் என் வீட்டுக்காரரும் இரண்டு நாளில் விடுகிற சாமானைக் கட்டினார்கள். தூரத்திலிருந்து கயிற்றை இழுத்தால் பிடி விடும்.

கல்லடிக் கடற்கரையில் விட முடியாது. ஆவணியில் கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும், எல்லாம் கடலுக்குப் போய்விடும். வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவுப் பக்கம் அப்பாவின் வயல் இருக்கிறது. மானாவாரி. பெரும்போகம் வெட்டினால் மாரிவரை மாடு மேய்கிற வெறும் வட்டை. கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் முதல் நாளே சொல்லிவிட்டு, காலை ஆறரைக்கெல்லாம் காற்று எழும்பும் முன் போய் இறங்கினோம். றோட்டிலிருந்து வரம்பு வழியே ராக்கெட் போனது சயிக்கிள் கரியரில். மகன் அதைத் தும்பா மாதிரி என்று சொல்லிப் படம் எடுக்க வைத்தான்.

முதலாவது தண்ணீர் கூடி, தென்னை உயரம்கூட ஏறாமல் விழுந்தது. இரண்டாவதுக்குத் தண்ணீரை அளந்து விட்டு, 60 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரை காற்று அடித்து, எல்லோரும் தள்ளி நின்று, மகன் கயிற்றை இழுத்தான். ‘புஸ்’ என்று ஒரு சத்தம். இருந்த இடத்தில் தண்ணீர்ப் புகை மட்டும். நிமிர்ந்து பார்த்தால் போத்தல் இரண்டு தென்னைக்கு மேலே வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது.

அந்தச் சத்தத்துக்கு, வயல் பார்க்கிற முல்லைக்காரப் பெரியப்பா வரம்போடு வரம்பாகக் குந்திவிட்டார். தலையில் இரண்டு கையும். நாங்கள் எல்லோரும் பார்த்தோம், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மெல்ல எழும்பி, சாரத்தைத் தட்டிவிட்டு, போத்தல் விழுந்த இடத்துக்கு மகனுக்கு முன்னால் நடந்து போய் அதை எடுத்து வந்தார். தட்டிப் பார்த்தார். “இன்னொண்டு விடுங்க மனே” என்றார்.

விட்டோம். மூன்றாவதில் பரசூட் விரியவில்லை, மூக்கு நசுங்கியது. நான்காவது போகும்போது காற்று எழும்பியிருந்தது. ராக்கெட் மேலே போகாமல் காற்று வருகிற பக்கத்துக்குச் சாய்ந்து ஓடியது. காற்று வாலைத் தள்ளினால் மூக்கு காற்றின் பக்கம்தானே திரும்பும், மட்டையில் பார்த்ததைக் கண்ணால் பார்த்தோம். ஐந்தாவதில் சொப்பின் பை பூப்போல விரிந்தது. மாடு மேய்த்த பிள்ளைகள் நாலு பேர் அதற்குக் கீழே ஓடினார்கள். அவர்களோடு பெரியப்பாவும் ஓடினார்.

அண்ணா ஆவணிக் கடைசியில் திரும்பிப் போனார். பிக் பெர்த்தாவின் மூக்கைக் கழற்றி, குழலுக்குள் துணி அடைத்து, செட்டைகளைச் சுற்றி ரெஜிபோம் வைத்து, அம்மா மச்சாளுக்குக் கொடுத்துவிட்ட சீலைகளுக்கு நடுவே வைத்துக் கட்டினேன். மகன் விமான நிலையத்துக்கு வரவில்லை.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை, இங்கே இரவு ஏழரை, அங்கே காலை பத்து மணி. அண்ணா ஒரு பண்ணைக்காரரிடம் கேட்டு வெட்டிய சோள வயலில் நின்றார். காற்று இல்லை. மோட்டாரைக் கமராவுக்குக் காட்டினார், சி6-5. சி என்பது மொத்தச் சக்தி, 10 நியூட்டன் செக்கன்வரை. 6 என்பது சராசரித் தள்ளு. 5 என்பது மருந்து எரிந்து முடிந்து பரசூட்டை வெளியே தள்ளும்வரை போகிற செக்கன். எரிவது இரண்டு செக்கன்கூட இல்லை. அந்த நேரத்துக்குத்தான் இத்தனை நாளும். நெருப்பு பிடிக்காத கடதாசியைக் கசக்கி உள்ளே வைத்தார், அதன்மேல் பவுடர் தூவிய என் பரசூட். கம்பியில் கோத்து, வயரைக் கொளுவி, ஐந்து மீட்டருக்கு அப்பால் வந்து நின்று எண்ணச் சொன்னார். அம்மா, நான், வீட்டுக்காரர், மகன், நாலு பேரும் போனைச் சுற்றி ஐந்திலிருந்து எண்ணினோம்.

பெரிய செட்டை உள்ள ராக்கெட், அதனால் மற்றவை மாதிரிக் கண்ணுக்குத் தெரியாமல் பாயவில்லை. எழும்புவதைப் பார்க்க முடிந்தது. செம்மஞ்சள் நீலத்துக்குள் போய்ச் சின்னதாகி, புகைக்கோடு ஒன்று பின்னால் நின்றது. பிறகு ஒன்றுமில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பொட்டுப்போல ஒன்று விரிந்தது. குடைத் துணி. அண்ணா, “விரிஞ்சிட்டு தங்கச்சி, விரிஞ்சிட்டு!” என்று கத்தியபடி ஓட, படம் முழுக்கச் சோளத்தாளாகத் தெரிந்தது.

செட்டை நான்கும் முறியாமல் இறங்கியிருந்தது. அதைக் காட்டினார். இன்னொரு போனை நிலத்தில் வைத்து மெதுவான வீடியோவும் எடுத்திருந்தார், அரை மணித்தியாலத்தில் அனுப்பினார்.

மகன் அதைத் தனியாகக் கொண்டுபோய் விறாந்தையில் என் மெஷின் மேசையில் வைத்துப் பார்த்தான். நான் பின்னால் போய் நின்றேன். ராக்கெட் கம்பியை விட்டு எழும்புகிறது. வெள்ளைச் செட்டை முன்னுக்கு வருகிறது, மறைகிறது, திரும்ப வருகிறது. அவன் திரையில் விரலை வைத்துக்கொண்டு எண்ணினான். “ஒண்டு… ரெண்டு…” மூன்று வரமுன் ராக்கெட் படத்தை விட்டுப் போய்விட்டது. திரும்பவும் முதலிலிருந்து போட்டான்.